குருதி உறைதலும் மூளை அழற்சியும்: எம்.எஸ். நோயாளர் உள்ள குடும்பங்களுக்கு



சென்ற பங்குனி உத்தரத்தன்று அன்னதானம் முடிந்து, மடைப்பள்ளியில் அண்டாக்கள் கழுவிக்கொண்டிருந்த நேரம். ஒரு தாயார் எம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகளுக்கு இருபத்தாறு வயது. முதலில் ஒரு கண் மங்கலாகியது. சில மாதங்களின் பின் கால்கள் விறைத்தன. பல பரிசோதனைகளின் பின்னர் எம்.எஸ். என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். உறவினர் எவருக்கும் இன்னும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற காலம் என்பதால் பயம்.

கையில் மடித்த காகிதத் துண்டொன்று வைத்திருந்தார். "தம்பி, இரத்தம் உறையிறதாலைதான் மூளையிலை இந்த வருத்தம் வருகுதாம். இதிலை எழுதியிருக்கு. அப்ப தினமும் ஒரு அஸ்பிரின் குடுத்தால் நிற்குமோ? ஊரிலை இருந்து அண்ணாவும் இரத்தம் இளக்கிற குளிகை அனுப்பியிருக்கிறார். டொக்டரைக் கேட்டால் பேசுவார் எண்டு பயமாக் கிடக்கு."

"கொடுக்க வேண்டாம், முதலில் வைத்தியரைக் கேளுங்கள்" என்று அப்போதே சொன்னோம். ஆனால் அந்தத் தாயார் கேட்டது மூடத்தனமான கேள்வி அல்ல. பெரிய ஆராய்ச்சியாளர்கள் தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அது. அதன் ஒரு முக்கிய பகுதி நாம் வாழும் இந்த மொன்றியல் மாநகரிலேயே ஆராயப்பட்டது. பெயர் குறிப்பிடாமல் எழுதலாமா என்று கேட்டோம். "எழுதுங்கோ, மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்" என்றார். ஆகவே இம்முறை நலவாழ்வுப் பகுதியில் இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

எம்.எஸ். என்றால் என்ன?

ஆங்கிலத்தில் மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிஸ். இங்கு பிரெஞ்சில் ஸ்கிளெறோஸ் ஆன் பிளாக் என்பார்கள். பாரிஸ் நகர நரம்பியல் வைத்தியர் ஷார்கோ 1868 இல் இந்நோயைத் தெளிவாக விவரித்து அப்பெயரை நிலைநிறுத்தினார். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் தழும்பு போன்ற தட்டையான இடங்கள் ஆங்காங்கே தோன்றுவதால் அப்பெயர்.

மின்கம்பியின் மேல் இறப்பர் உறை இருப்பது போல, நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற உறை உண்டு. நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய வெண்குழியங்கள் தவறுதலாக இந்த உறையையே தாக்குகின்றன. உறை கழன்ற இடத்தில் செய்தி தடைப்படுகிறது. கண் மங்கல், கை கால் விறைப்பு, தள்ளாட்டம், தாங்கமுடியாத களைப்பு, சிறுநீரை அடக்க முடியாமை என்று, பழுதுபட்ட இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும்.

இது தொற்றுநோய் அல்ல. பூர்வ வினையும் அல்ல, கண்ணூறும் அல்ல. பெரும்பாலும் 20 முதல் 49 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களிலேயே அதிகம். இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் கனடா ஒன்று. இங்கு 90,000 பேருக்கு மேல் இதனுடன் வாழ்கிறார்கள்.

"எங்கடை ஆக்களுக்கு இது வராது" என்று சிலர் சொல்வதுண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் இது குறைவு என்பது உண்மை. ஆனால் பிறந்து வளரும் இடமும் ஒரு காரணம். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரித்தானியாவில் குடியேறியவர்களின், அங்கேயே பிறந்த பிள்ளைகளில் இந்நோய் அந்நாட்டு மக்களிடம் காணப்படும் அளவை நெருங்கியிருப்பதை 1990 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் பிள்ளைகள் இங்கு பிறந்தவர்கள். ஆகவே கண் மங்கலையும் விறைப்பையும் அசட்டை செய்யக்கூடாது.

குருதி உறைதல்: பள்ளிப் பாடம்

ஊரில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். கத்தி வெட்டினால் முதலில் குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து காயத்தை அடைக்கும். பின்னர் துரொம்பின் என்ற நொதியம், குருதியில் கரைந்திருக்கும் பைபிரினோஜன் என்ற புரதத்தைப் பைபிரின் என்ற நாராக மாற்றும். அந்த நார்கள் இடியப்பத் தட்டில் இழைகள் பின்னிக் கிடப்பது போலப் பின்னி, செங்குழியங்களைப் பிடித்து உறைகட்டியாக்கும். ஒரு லீற்றர் குருதியில் சாதாரணமாக 2 முதல் 4 கிராம் வரை பைபிரினோஜன் இருக்கும்.

பள்ளியில் சொல்லித்தராத ஒன்றும் உண்டு. பைபிரின் காயத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. "இங்கே காயம், ஓடி வாருங்கள்" என்று வெண்குழியங்களைக் கூப்பிடும் மணியும் அதுதான். உறைதலும் அழற்சியும் ஒன்றையொன்று தூண்டும் உறவினர். விரலில் வெட்டுப்பட்டால் இந்த ஏற்பாடு நன்மை. மூளைக்குள் நடந்தாலோ கேடு.

மூளையின் மூலஸ்தானம்

ஆலயத்தில் மண்டபம் வரை எல்லோரும் வரலாம். மூலஸ்தானத்துக்குள் சிவாச்சாரியார் மட்டுமே போகலாம். குருதிக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. உடலின் மற்ற இடங்களில் நுண்குழாய்களின் சுவரில் சிறு இடைவெளிகள் இருக்கும். மூளையில் அச்சுவர்க் கலங்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஒட்சிசனும் வெல்லமும் உள்ளே போகும். பைபிரினோஜன் போன்ற பெரிய புரதங்கள் போகமுடியாது. வெண்குழியங்களுக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. இதனைக் குருதி-மூளைத் தடுப்பு என்பர்.

எம்.எஸ். நோயில் இந்தத் தடுப்பு ஆங்காங்கே உடைகிறது. சில வகை வெண்குழியங்கள் மனித மூளைக் குழாய்ச் சுவரைத் தளர்த்தி உட்புகுவதை, இங்கு மொன்றியல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஆராய்ச்சி செய்யும் அலெக்சாந்தர் பிறா குழுவினர் 2007 இல் விளக்கினார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றுவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. தடுப்பு உடைந்த இடத்தில் அந்த மருந்து ஒழுகி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். வைத்தியர் "புதிய புண்" என்று காட்டுவது அதனையே.

மொன்றியலில் நடந்த பழைய கதை

எம்.எஸ். புண்களின் நடுவே ஒரு சிறு நாளம் இருப்பதை ஜெர்மானியரான றிண்ட்பிளைஷ் 1863 இலேயே கண்டார். அப்படியானால் அந்த நாளத்தில் குருதி உறைந்து அடைப்பதுதான் நோய்க்குக் காரணமோ? 1930களில் அமெரிக்க நரம்பியலாளர் றேசி புற்னம் அப்படித்தான் நம்பினார். விலங்குகளின் மூளை நாளங்களை அடைத்துப் பார்த்தார். எம்.எஸ். புண் போன்ற மாற்றங்கள் தோன்றின.

அதே காலத்தில் உறைதலைத் தடுக்கும் மருந்தொன்று தற்செயலாகக் கிடைத்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், பழுதடைந்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி பெருகி இறந்தன. அந்த வைக்கோலிலிருந்து பின்னாளில் டைகூமறோல் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று நம் முதியோர் பலர் எடுக்கும் வார்பறின் அதன் வழிவந்ததே. புற்னம் டைகூமறோலை எம்.எஸ். நோயாளருக்குக் கொடுத்து, 1947 இல் பலனை வெளியிட்டார். நம்பிக்கை தரும் செய்தியாகத்தான் இருந்தது. ஆனால் எம்.எஸ். தானாகவே கூடிக் குறையும் நோய். மருந்து எடுக்காதவரோடு ஒப்பிடாமல் மருந்தின் பலன் என்று சொல்லமுடியாது. குருதி பெருகும் ஆபத்தும் இருந்தது. அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது.

இந்தக் கட்டத்தில்தான் மொன்றியல் வருகிறது. மவுண்ட் றோயல் மலைச் சரிவில், வைல்டர் பென்ஃபீல்ட் 1934 இல் தொடங்கிய மொன்றியல் நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. 1948 இல் றோய் சுவாங்க் என்ற வைத்தியர் அங்கு வந்து எம்.எஸ். பற்றி ஆராயத் தொடங்கினார். நோர்வேயில் கடலோர மீன்பிடி மக்களிலும் பார்க்க, பாலும் வெண்ணெயும் அதிகம் உண்ணும் உள்நாட்டு விவசாயிகளிடையே இந்நோய் கூடுதலாக இருப்பதை அவர் கவனித்தார். கொழுப்பு உணவின் பின் ஹாம்ஸ்டர் என்னும் சிறு விலங்கின் கன்னப் பையில் குருதியோட்டத்தை உற்றுப் பார்த்தார். செங்குழியங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டம் மந்தமாவதைக் கண்டார். மூளைக் குழாய்களிலும் இது நடக்கிறது, அதுவே தடுப்பைப் பழுதாக்குகிறது என்பது அவர் கருத்து.

ஆகவே தம் மொன்றியல் நோயாளருக்கு நிரம்பிய கொழுப்பை ஒரு நாளைக்கு 20 கிராமுக்குள் குறைக்கும் உணவைக் கொடுத்தார். 1954 இல் அவர் அமெரிக்காவின் ஒறெகனுக்குப் போய்விட்டபோதிலும் அந்நோயாளரைக் கைவிடவில்லை. 144 பேரை 34 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1990 இல் லான்செற் என்ற மருத்துவ ஏட்டில் முடிவை வெளியிட்டார். கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தோர் கடைப்பிடிக்காதோரிலும் மிக நன்றாக இருந்தனர் என்றார். ஆனால் இதிலும் புற்னத்தின் குறையே. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லை. நோய் கடுமையானவர்கள் கட்டுப்பாட்டை விட்டிருக்கலாம் அல்லவா? ஆகவே அது நிரூபணம் ஆகவில்லை.

இருந்தாலும் நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால் ஆகியவற்றை மட்டாக உண்பதால் இருதயத்துக்கும் மூளைக்கும் நன்மையே. ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலில் மட்டும் சுவாங்க் அனுமதித்த அளவின் இரு மடங்கு நிரம்பிய கொழுப்பு இருக்கிறது என்பதைச் சொதி வைக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

பைபிரினோஜன் உள்ளே ஒழுகினால்

புற்னம் சொன்னது முழுவதும் பிழையும் அல்ல, முழுவதும் சரியும் அல்ல. நாளம் அடைபடுவது நோய்க்குக் காரணமல்ல. ஆனால் உறைதலுக்குரிய பொருட்கள் மூளைப் புண்களில் இருக்கின்றன. 2008 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் எம்.எஸ். நோயாளரின் மூளைப் புண்களிலுள்ள புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, அழற்சி நடந்துகொண்டிருந்த புண்களில் உறைதலைச் சார்ந்த புரதங்களைக் கண்டார்கள்.

கிரேக்க நாட்டவரான கற்றெரினா அகஸோக்லூ, கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாக இதனையே ஆராய்ந்து வருகிறார். அவர் குழுவினர் காட்டிய வழி இது: தடுப்பு உடைகிறது. பைபிரினோஜன் மூளைக்குள் ஒழுகுகிறது. அங்கு பைபிரினாக மாறுகிறது. மூளையின் காவலர்களான மைக்ரோகிளியாக் கலங்கள் பைபிரினைத் தொட்டதும், காயம் என்று எண்ணிச் சீறி எழுகின்றன. நஞ்சுப் பொருட்களைச் சொரிந்து பக்கத்திலுள்ள நரம்பையும் மயலினையும் பழுதாக்குகின்றன. மேலும் வெண்குழியங்கள் வருகின்றன. தடுப்பு இன்னும் உடைகிறது. அதுமட்டுமல்ல, கழன்ற மயலினைத் திருப்பிப் பூசவேண்டிய கலங்கள் வளர்வதையும் பைபிரினோஜன் தடுக்கிறது என்று 2017 இல் வெளியிட்டனர்.

பைபிரினில் இரண்டு வேறு இடங்கள் உண்டு. ஒன்று உறைகட்டி கட்டும் இடம். மற்றது மைக்ரோகிளியாவைத் தூண்டும் இடம். எலிகளில் குருதியின் பைபிரினோஜன் முழுவதையும் குறைத்தபோது எம்.எஸ். போன்ற நோய் தணிந்தது உண்மை. ஆனால் அப்படிச் செய்தால் மனிதரில் குருதி நிற்காமல் பெருகும். ஆகவே இரண்டாவது இடத்தை மட்டும் மூடும் ஒரு பிறபொருளெதிரியை உருவாக்கி, 2018 இல் எலிகளில் வெற்றிகண்டார்கள். உறைதல் வழமைபோல் நடந்தது, அழற்சி குறைந்தது. மனிதருக்கு ஏற்றவாறு மாற்றப்பட்ட மருந்து ஆரம்பக் கட்டப் பரிசோதனைக்கு வந்துள்ளது. ஆனால் அது வைத்தியர் எழுதித் தரக்கூடிய மருந்தல்ல.

அந்தத் தாயாரின் காகிதத் துண்டில் இருந்தது இந்தச் செய்திதான். செய்தி சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியல்ல.

அஸ்பிரின் ஏன் மறுமொழி அல்ல?

1. அஸ்பிரின் சிறுதட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும். மூளைக்குள் ஒழுகிய பைபிரினை அது அகற்றாது. உடைந்த தடுப்பையும் ஒட்டாது.

2. எம்.எஸ். திடீரென்று கூடும்போது ஸ்ரீறொயிட் மருந்தை அதிக அளவில் கொடுப்பார்கள். அதனோடு அஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் குருதி பெருகும் ஆபத்துக் கூடும்.

3. எம்.எஸ். உள்ளவர் தடுமாறி விழுவது வழமை. உறைதல் தடுப்பு மருந்து எடுப்பவர் விழுந்து தலையடிபட்டால் மூளைக்குள் குருதி கசியலாம்.

4. "இயற்கை" என்று விற்கும் உள்ளி, இஞ்சி, மஞ்சள் குளிகைகளும் இந்த மருந்துகளோடு மோதலாம். கறியில் போடும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். போத்தலில் வருவதை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இருதய நோய்க்காகவோ காலில் உறைகட்டி வந்ததற்காகவோ வைத்தியர் இம்மருந்தைத் தந்திருந்தால், இக்கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தக்கூடாது. வார்பறின் எடுப்பவர்கள் முருங்கைக்கீரை, வல்லாரை போன்ற இலைவகைகளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு உண்ணுங்கள்.

1993 இல் அமெரிக்காவில் பீற்றா இன்ரபெறோனுக்கு அனுமதி கிடைத்த பின்னர், எம்.எஸ். நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. அவை வெண்குழியங்களின் தாக்குதலைக் குறைத்து, தடுப்பு உடைவதையே தடுக்கின்றன. குருதிப் பொருள் உள்ளே ஒழுகக்கூடாது என்றால், இன்று கையிலுள்ள நல்ல வழி அதுவே. நேர்த்திக்கடனுக்காகவோ ஊர் மருந்துக்காகவோ அவற்றை இடைநிறுத்துவது ஆபத்து.

நாளத்தை விரித்தவர்கள்

நம்பிக்கையை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. 2009 இல் இத்தாலியைச் சேர்ந்த பவுலோ சம்போனி, கழுத்து நாளங்கள் ஒடுங்குவதே எம்.எஸ். வரக் காரணம் என்றும், அவற்றை விரித்தால் குணமாகும் என்றும் அறிவித்தார். கனடாவில் பெரும் பரபரப்பு. பலர் சேமிப்பைச் செலவழித்து, இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் போய் அச்சிகிச்சையைச் செய்துகொண்டார்கள். ஒன்ராறியோவிலிருந்து கொஸ்ரா றிக்காவுக்குப் போய் நாளத்தில் வலைக்குழாய் வைத்துக்கொண்ட ஒருவர், அதில் குருதி உறைந்து 2010 இல் உயிரிழந்தார்.

கனடிய அரசின் ஆதரவில் வன்கூவர், வினிபெக், மொன்றியல், கியூபெக் நகர் ஆகிய நான்கு இடங்களில் 104 பேரைக் கொண்டு பரிசோதனை நடந்தது. சிலருக்கு நாளத்தை விரித்தார்கள். மற்றவர்களுக்கு விரிப்பது போல மட்டும் செய்தார்கள். 2017 இல் வந்த முடிவு: இரு பகுதியினருக்கும் வித்தியாசம் இல்லை. புற்னத்தின் காலத்தில் இப்படி ஒப்பிட்டிருந்தால் எத்தனையோ ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

உண்மையில் பயப்படவேண்டிய உறைகட்டி

இவ்வளவும் சொன்ன பின் முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். எம்.எஸ். உள்ளவர்கள் உறைகட்டி பற்றிக் கவலைப்படவேண்டிய இடம் மூளை அல்ல, கால். காலின் ஆழ்நாளத்தில் குருதி உறைந்து, அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். பல நாட்டு ஆய்வுகளின்படி எம்.எஸ். உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களிலும் பார்க்கச் சுமார் இரு மடங்கு. நடை குறைதல், சக்கர நாற்காலியில் நெடுநேரம் இருத்தல், வைத்தியசாலையில் படுத்திருத்தல், ஸ்ரீறொயிட் சிகிச்சை ஆகியவை காரணங்கள். மூளையில் நடப்பதை நாம் வீட்டில் தடுக்கமுடியாது. காலில் நடப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியவை:

பயணம். இங்கிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ போக ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுக்கும். புறப்படுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓர ஆசனம் கேளுங்கள். நடக்க முடிந்தவர் அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும். முடியாதவர் பாதங்களை மேலும் கீழும் அசைக்கவேண்டும், அல்லது பக்கத்திலிருப்பவர் அசைத்துவிடவேண்டும். இறுக்கக் காலுறை தேவையா என்பதை வைத்தியர் சொல்வார்.

தண்ணீர். எம்.எஸ். உள்ள பலர், சிறுநீரை அடக்கமுடியாத வெட்கத்தால் தண்ணீரே குடிப்பதில்லை. ஆலயத்துக்கு வரும் நாளில் காலையிலிருந்தே குடிக்காமல் வருகிறார்கள். உடலில் நீர் குறைந்தால் குருதி தடிக்கும். கந்தசஷ்டி, சிவராத்திரி நாட்களில் இப்படிப்பட்டவர்கள் தண்ணீரையும் விட்டு விரதமிருக்கக்கூடாது. நோயுற்றவருக்கு விரத விதியில் தளர்வு உண்டு என்பதைக் குருக்கள்மார் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் குளிகை. திருவிழாவுக்காகவும் கல்யாணத்துக்காகவும் நொறெதிஸ்ரறோன் குளிகையை ஊரிலிருந்து வாங்கி வந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்று எடுப்பது நம் பெண்களிடையே வழமை. இது குருதி உறையும் ஆபத்தைக் கூட்டக்கூடியது. ஈஸ்ரஜன் கலந்த கருத்தடைக் குளிகைகளும் அப்படியே. நடை குறைந்த எம்.எஸ். நோயாளரும், முன்பு உறைகட்டி வந்தவரும், குடும்பத்தில் அது உள்ளவரும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. இதைக் கூச்சப்படாமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எண்ணெய் தேய்த்தல். கால் வீங்கி நொந்தால் சூடான எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம் வீட்டுப் பழக்கம். உறைகட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உருவவே கூடாது. கட்டி பெயர்ந்துவிடலாம்.

அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் புதிதாக வீங்குதல், கெண்டைக்காலில் நோ, சூடு, நிறமாற்றம். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எம்.எஸ். உள்ளவருக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் நோவும் தெரியாது. ஆகவே வீட்டிலுள்ளவர்கள் இரு கெண்டைக்கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இவ்வறிகுறி இருந்தால் அன்றே வைத்தியம் பார்க்கவேண்டும், "நாளைக்குப் பார்ப்பம்" என்று விடக்கூடாது.

திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுநோ, இருமலில் குருதி, மயக்கம். இவற்றில் ஏதாவது வந்தால் உடனே 911. காரில் ஏற்றிக்கொண்டு தேடி அலைய வேண்டாம்.

அவசரமில்லாத சந்தேகங்களுக்குக் கியூபெக்கில் 811 ஐ அழைத்தால் தாதியொருவர் பேசுவார். எம்.எஸ். சங்கம் 1948 இல் இந்த மொன்றியலிலேதான் தொடங்கப்பட்டது. 2023 முதல் எம்.எஸ். கனடா என்ற பெயரில் இயங்குகிறது. நோயாளருக்கும் குடும்பத்தினருக்கும் வழிகாட்டும். மொழி பிரச்சினை என்றால் பிள்ளைகளையோ, நம் ஆலயத் தொண்டர்களையோ கூட்டிச் செல்லுங்கள்.

முடிவாக

அந்தத் தாயாரும் மகளும் பின்னர் வைத்தியரிடம் போனார்கள். காகிதத் துண்டையும் ஊரிலிருந்து வந்த குளிகையையும் மேசையில் வைத்தார்கள். வைத்தியர் பேசவில்லை. "கேட்டது நல்லது" என்று சொல்லி, குளிகையை எடுத்து வைத்துக்கொண்டு, மகளுடைய கால்களைப் பரிசோதித்தாராம். வைத்தியரிடம் மறைத்துக் கொடுக்கும் மருந்து, நோயிலும் பெரிய ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறோம். இந்நோயுள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள். மறைப்பதால் நோய் குறையாது. உதவிதான் குறையும். நம் ஆலயத்தில் கால் நீட்டி உட்கார ஒரு கதிரை, மலசலகூடத்துக்கு அருகில் ஓர் இடம், நடுப்பூசையில் எழுந்து போனால் திரும்பிப் பார்க்காத கண்கள். இவ்வளவும் நாம் செய்யக்கூடிய தொண்டு.

இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் அருளால் அனைவரும் நலமுடன் வாழப் பிரார்த்திக்கிறோம்.